கலாவெராஸ் பிக் ட்ரீஸில் இரண்டு ராத்திரி: கேம்பிங் கேள்வி பதில்

கலிஃபோர்னியாவில், சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏரியாவிலிருந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேர ஓட்டம். நெடுஞ்சாலை 4-ல் ஆர்னால்டு ஊரைத் தாண்டியதும் வரும் ஸ்டேட் பார்க். குழந்தை குட்டிகளோடு முதல் தடவை டெண்ட் போடப் போகிறவர்கள்தான் நிறையக் கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் வந்த வரிசையிலேயே, கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, பதில் எழுதுகிறேன்.

சான் ரமோன்: அக்கா, ஜூலை நாலாம் தேதி வீக்கெண்டுக்கு இப்போ புக் பண்ணலாமா?

அதெல்லாம் ஜனவரியிலேயே போயிருக்கும். ரிசர்வ் கலிஃபோர்னியா தளத்தில் 6 மாதம் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். ஆனால் ரத்து செய்கிறவர்களும் உண்டு, தினமும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். லீவு போட முடிந்தால் ஞாயிறு ராத்திரி முதல் வியாழன் வரை முயற்சி செய்யுங்கள். ஒரு சைட்டுக்கு 8 பேர்தான். "நாலு குடும்பம், ஒரே சைட்" என்ற திட்டத்தை இப்போதே கைவிடுங்கள்.

மில்பிடாஸ்: நேஷனல் பார்க் வருடாந்திர பாஸ் இருக்கு. செல்லுமா?

செல்லாது. அது மத்திய அரசு, இது மாநிலம். பொது நூலகத்தில் இரவல் கிடைக்கும் ஸ்டேட் பார்க் பாஸும் பகலில் போய்வரத்தான், தங்குவதற்கு இல்லை.

ஃப்ரீமாண்ட்: கரடி வருமா? மாமியார் கேட்கச் சொன்னாங்க.

வரலாம். அங்கே இருப்பது கருங்கரடி. கலிஃபோர்னியா கொடியில் இருக்கும் கிரிஸ்லி இந்த மாநிலத்தில் அழிந்து நூறு வருடம் ஆகிறது. கருங்கரடிக்கு உங்கள் மேல் ஆசை இல்லை, புளிக்காய்ச்சல் மேல்தான். சைட்டில் ஒரு இரும்புப் பெட்டி இருக்கும். சாப்பாடு மட்டுமில்லை, வாசனை வரும் எல்லாமே அதற்குள் போக வேண்டும். டூத் பேஸ்ட், ஷாம்பு, தேங்காயெண்ணெய், பேபி வைப்ஸ், பால் பாட்டில், ஊறுகாய், குப்பைப் பை எல்லாம்.

எல்லாரும் மறப்பது குழந்தையின் கார் சீட்டை. அந்த இடுக்கில் ஆறு மாதத்துப் பிஸ்கட் தூளும் காய்ந்த திராட்சையும் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின நாளே அதைக் கழற்றி உதறி, வேக்யூம் போடுங்கள். காரில் வைத்துப் பூட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், கார்க் கதவைப் பிய்க்கக் கரடிக்குத் தெரியும். பெட்டியைத் திறந்து போட்டுவிட்டு நகராதீர்கள், பாத்ரூம் போகும் நேரத்துக்குக்கூட.

கூப்பர்டினோ: ஜூன் மாசம்தானே போறோம். குளிர் இருக்காதில்ல?

இருக்கும். பகலில் டி-ஷர்ட் போதும். ஆனால் நீங்கள் இருப்பது 4,700 அடி உயரத்தில். விடியற்காலையில் 50 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக்கூடும். முதல் ட்ரிப்போடு "இனி கேம்பிங்கே வேண்டாம்" என்று திரும்புகிற குடும்பங்கள் பெரும்பாலும் கரடியைப் பார்த்து ஓடி வந்தவர்கள் இல்லை, ராத்திரி தூங்காதவர்கள். குளிர் கீழேயிருந்து வருகிறது. விருந்தாளிக்காக வாங்கி வைத்த பெரிய ஏர் மெத்தையைக் கொண்டு போகாதீர்கள். ஃபோம் பாயோ, ஆர்-வேல்யூ (சூடு தரைக்குப் போகாமல் தடுக்கும் திறனின் அளவு, எண் கூடினால் நல்லது) அச்சிட்ட கேம்பிங் மெத்தையோ வாங்குங்கள்.

டப்ளின்: நான் மெக்கானிக்கல் எஞ்சினியர். காற்று நல்ல இன்சுலேட்டர். ஏர் மெத்தையைக் குறை சொல்வது தப்பு.

அசையாத காற்று நல்ல இன்சுலேட்டர் சார். எட்டு அங்குல மெத்தைக்குள் காற்று சும்மா இருக்காது. நீங்கள் புரளும்போதெல்லாம் அதுவும் புரண்டு, உங்கள் சூட்டைக் கொண்டுபோய்த் தரையில் கொட்டும். ஃபோமில் காற்று சின்னச் சின்ன அறைகளில் அடைபட்டு நிற்கிறது, அதுதான் வித்தியாசம்.

டப்ளின்: மேலே ரெண்டு ரஜாய் கூடப் போட்டால் போச்சு.

மேலே எத்தனை போட்டாலும் முதுகுக்குக் கீழே எதுவும் இல்லையே. ஸ்லீப்பிங் பேக்கிலும் இதே கதைதான். படுத்ததும் அடிப்பக்கப் பஞ்சு நசுங்கிவிடும், நசுங்கினது சூட்டைப் பிடிக்காது.

சன்னிவேல்: அவர் சொல்றது சரிதான் அக்கா, நாங்க ஏர் மெத்தையில்தான் படுத்தோம், ஒண்ணும் ஆகலையே.

எங்கே, எந்த மாதம்?

சன்னிவேல்: பிஸ்மோ பீச். ஆகஸ்ட்.

கடற்கரை ஆகஸ்டும் மலை ஜூனும் ஒன்றா? ஏர் மெத்தைதான் வேண்டுமென்றால் அதன் மேல் ஒரு ஃபோம் பாய், அதற்கு மேல் ரஜாயை விரித்துப் படுங்கள். டப்ளின் சார், உங்கள் ரஜாயும் வீணாகாது.

ப்ளெசன்டன்: சின்னதா ஒரு ப்ரொப்பேன் ஹீட்டர் டெண்டுக்குள்ள வெச்சுக்கலாமா?

கூடாது. ஹீட்டர், ஸ்டவ், கரியடுப்பு, தணல் எதுவும் டெண்டுக்குள் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். "கொஞ்ச நேரம்தான்", "ஜிப்பைத் திறந்து வெச்சுட்டு" என்று அடுத்த கேள்வி அனுப்பாதீர்கள். பதில் மாறாது. வெந்நீர் பாட்டிலைக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாந்தா கிளாரா: அங்கே சாதம் சரியா வேகாதுன்னு சொல்றாங்களே?

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் அரிசிக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும், பருப்பு சோதித்துவிடும். சின்ன பிரஷர் குக்கர் இருந்தால் கவலை இல்லை. ஆனால் ராத்திரி 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். காலை ஐந்தரைக்கு விசில் விட்டால் பக்கத்து சைட்காரர் உங்களை வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டார்.

முதல் ராத்திரிக்குச் சமைக்கவே வேண்டாம் என்பேன். போய்ச் சேர்ந்து டெண்ட் அடிப்பதற்குள் இருட்டிவிடும். புளியோதரை, தயிர் சாதம், சிப்ஸ் போதும். தோசை மாவை ஐஸ் பெட்டியில் அடியில் வையுங்கள். மூடி திருகுகிற டப்பாவில் பாதிதான் ஊற்ற வேண்டும், பொங்கினால் பெட்டி முழுக்க மாவு. பாத்திரத்தைக் குடிதண்ணீர்க் குழாயடியில் கழுவாதீர்கள். சாம்பார் தண்ணீரைப் புதரில் கொட்டுவதும் கரடிக்குப் பத்திரிகை வைப்பதும் ஒன்றுதான்.

யூனியன் சிட்டி: எலக்ட்ரிக் ரைஸ் குக்கர் எடுத்துட்டுப் போகலாமா?

டெண்ட் சைட்டில் கரன்ட் இல்லை.

ஹேவர்ட்: கரடி வருமா?

ஃப்ரீமாண்ட் பதிலைப் பாருங்கள்.

லிவர்மோர்: வீட்டுத் தோட்டத்தில் வெட்டின ஓக் விறகு கிடக்கு. காசு மிச்சம்னு ஏத்திக்கிட்டேன்.

இறக்கிவிடுங்கள். விறகோடு பூச்சியும் பயணம் செய்யும். ஓக் மரத்தைத் துளைக்கிற வண்டுகள் இப்படித்தான் ஊர் விட்டு ஊர் பரவுகின்றன. எரிக்கிற இடத்திலேயே வாங்குங்கள். பார்க்கில் விழுந்து கிடக்கிற குச்சியைப் பொறுக்கவும் அனுமதி இல்லை. கோடை முற்றினால் நெருப்புக்கே தடை வரலாம், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரேசி: குழந்தைகளுக்குப் பார்க்க என்ன இருக்கு? குடைஞ்ச மரத்துக்குள்ள நின்னு போட்டோ எடுக்கணும்.

நீங்கள் நினைக்கிற பயனியர் கேபின் மரம் 2017 ஜனவரிப் புயலில் சாய்ந்துவிட்டது. ஆனால் நார்த் க்ரோவ் பாதை சுமார் ஒன்றரை மைல், ஐந்து வயதுப் பிள்ளையும் நடந்துவிடும். தொடக்கத்திலேயே ஒரு மொட்டை அடிமரம் மேடை மாதிரி இருக்கும், ஏறி நிற்கலாம். 1852-ல் ஒரு வேட்டைக்காரர் கரடியைத் துரத்திக்கொண்டு வந்து பார்த்ததாகச் சொல்லப்படும் செகோயா என்ற ராட்சத மரம் அது. அங்கத்திய பூர்வகுடிகளான மிவோக் மக்களுக்கு அந்தக் காடு அதற்கு முன்பே தெரியும். அடுத்த வருடமே காட்சிப் பொருளாக்க அதைச் சாய்த்தார்கள். அவ்வளவு பெரிய மரத்துக்கு ரம்பம் இல்லாததால் துளைபோடும் கருவியால் சுற்றிலும் ஓட்டை போட்டார்கள். 22 நாள் பிடித்தது. வளையங்களை எண்ணினால் 1,244 வயது. பிறகு அந்த அடிமரத்தின் மேல் நடனம் ஆடினார்கள்! பிள்ளைகளிடம் இதை அங்கே நிற்கும்போது சொல்லுங்கள், வீட்டிலேயே சொல்லிவிடாதீர்கள்.

சவுத் க்ரோவ் ஐந்து மைல். தோளில் தூக்கத் தயாராக இருந்தால் போங்கள்.

சான் ஹோசே: ஆர்வி வாடகைக்கு எடுக்கலாமா, எது நல்லது?

ஆர்வி, அதாவது உள்ளேயே படுத்துச் சமைக்கிற வண்டி, என் துறை இல்லை. ஓட்டுகிறவர்களைக் கேளுங்கள்.

டப்ளின்: ஆர்-வேல்யூ எவ்வளவு வேணும்னு சொல்லவே இல்லையே நீங்க.

ஆக, வாங்கப் போகிறீர்கள். அந்த மலைக்கு ஜூனில் 3 இருந்தால் நிம்மதி.

மவுன்டன் ஹவுஸ்: திரும்பும்போது கவனிக்க வேண்டியது?

மதியம் 12-க்குள் காலி செய்ய வேண்டும், பத்து மணிக்கே மூட்டை கட்ட ஆரம்பியுங்கள். டெண்டில் பனி ஈரம் இருக்கும். அப்படியே சுருட்டி எடுத்து வந்து, அன்றைக்கே கராஜில் விரித்துக் காயப்போடுங்கள். மறந்தால் பூசணம்தான்.