பர்பனை ருசித்துக் குடிப்பது எப்படி? கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பல வருடமாக அமெரிக்காவில், பர்பனுக்குப் பேர்போன கென்டக்கி மாநிலத்து லூயிவில் பக்கம் வசிக்கிறேன் என்று சொன்னதும் நிறைய பேர் பர்பன் பற்றிக் கேட்டுவிட்டீர்கள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, பர்பனும் விஸ்கியும் ஒன்றுதானா?

பர்பன் ஒரு வகை விஸ்கி. அமெரிக்காவில் காய்ச்சியிருக்க வேண்டும், தானியத்தில் 51 சதவீதமாவது மக்காச்சோளம் இருக்க வேண்டும், உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊற வேண்டும். புதுப் பீப்பாய் என்பதுதான் இதில் முக்கியம். ஒருமுறை பயன்படுத்தியதில் மறுபடி பர்பன் ஊற வைக்க முடியாது, அதனால் அந்தப் பழைய பீப்பாய்கள் ஏராளமாக ஸ்காட்லாந்துக்குக் கப்பலேறுகின்றன. லேபிளில் 'ஸ்ட்ரெய்ட்' என்று இருந்தால் குறைந்தது 2 வருடம் ஊறியது, நிறமோ மணமோ வெளியிலிருந்து சேர்க்காதது. அந்தச் செம்பழுப்பு முழுக்க மரம் கொடுத்தது.

கேள்வி: மூக்குக்கிட்ட கொண்டுபோனாலே சுள்ளென்று ஏறுகிறது. இதில் வெனிலா வாசனை எங்கே வரும்?

ஊற்றினதும் குடிக்கப் பார்க்கிறீர்கள், அதுதான் சிக்கல். பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். அடி உருண்டு வாய் குறுகிய கிளாஸ் இருந்தால் நல்லது. ஒயின் மாதிரி சுழற்ற வேண்டாம், மூக்கை உள்ளே விடவும் வேண்டாம். கிளாசைத் தாடைக்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெதுவாக மேலே கொண்டுவாருங்கள், எரிச்சல் பாதியாகக் குறைந்துவிடும். அப்புறம் இதையும் செய்து பாருங்கள்: உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, ஆல்கஹால் பறந்ததும் முகருங்கள். முதலில் ஈர மரம் மாதிரி வரும், பின்னாலேயே வெல்லப்பாகு வாசனை எழும். அதை ஒருமுறை பிடித்துவிட்டால் கிளாசிலும் தானாகத் தெரியும்.

கேள்வி: முதல் வாய் வைத்ததுமே பிடிக்காமல் போய்விட்டது. எனக்கு ஒத்துவராதோ?

முதல் மிடறை வைத்து முடிவு பண்ணவே பண்ணாதீர்கள்! அது நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாவதைக் கொஞ்சமாக எடுத்து, மெல்லுவது போல வாய் முழுக்கப் புரட்டி, பிறகு விழுங்குங்கள். ஜிம் பீம் என்ற பர்பன் நிறுவனத்துக் குடும்பத்தைச் சேர்ந்த புக்கர் நோ இப்படித்தான் ருசி பார்ப்பார், 'கென்டக்கி மெல்லல்' என்றே இதற்குப் பெயர். விழுங்கினதும் நெஞ்சில் இதமாக ஒரு சூடு பரவும், அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள்.

கேள்வி: தண்ணீர், ஐஸ், கோலா... எது சரி?

தண்ணீர் சேர்த்தால் கெட்டுவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆல்கஹால் 50 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றில் அரை டீஸ்பூன் விட்டால் அடங்கிக் கிடந்த மணம் வெளியே வரும். கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. ஐஸ் மணத்தை அமுக்கும், ஆனாலும் வெயில் காலத்தில் ஒரே ஒரு பெரிய கட்டி போட்டு நானும் குடிக்கிறேன். மே மாதக் குதிரைப் பந்தயமான கென்டக்கி டெர்பியில் புதினா, சர்க்கரை, பொடித்த ஐஸ் போட்ட மின்ட் ஜூலெப் என்ற பர்பன் பானம்தான் ஓடும். கோலா உங்கள் விருப்பம், ஆனால் அதற்கு விலை உயர்ந்த பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கேள்வி: முதலில் எதை வாங்கலாம்? ஊறிய வயது கூடினால் ருசி கூடுமா?

ஒன்று வாங்காதீர்கள், இரண்டு சின்ன பாட்டில் வாங்குங்கள். மேக்கர்ஸ் மார்க்கில் மக்காச்சோளத்தோடு கோதுமை சேரும், மென்மையாக இருக்கும். புல்லட்டில் ரை தானியம் அதிகம், மிளகு மாதிரி காரம் தட்டும். இரண்டையும் 15 மில்லி ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தால் ஒரே மாலையில் உங்கள் நாக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருந்தால் நம்பி வாங்கலாம்: 1897 அமெரிக்கச் சட்டப்படி ஒரே ஆலையில் ஒரே பருவத்தில் காய்ச்சியது, 4 வருடமாவது ஊறியது, ஆல்கஹால் சரியாக 50 சதவீதம். வயதைத் துரத்த வேண்டாம். புதுப் பீப்பாயும் கென்டக்கி வெயிலும் சேர்ந்தால் மரச்சாறு சீக்கிரம் இறங்கும், ரொம்ப நாள் விட்டால் துவர்த்துவிடும்.

கேள்வி: கூட என்ன சாப்பிடலாம்?

வெறும் வயிற்றில் வேண்டாம். ருசி பார்க்கும்போது காரம் தவிருங்கள், வறுத்த பெக்கன் பருப்பு, கறுப்பு சாக்லேட் நன்றாகச் சேரும். குடித்து முடித்ததும் கிளாசை அப்படியே வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் கழுவுமுன் எடுத்து முகர்ந்து பாருங்கள், காய்ந்த அடியில் மரமும் வெனிலாவும் தெளிவாக நிற்கும்.