பேரிங் மாற்றியும் காரில் வீல் சத்தம் திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்வது?

நீங்கள் சொல்லியிருப்பது: டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், கெட்டியான ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன், 18 இஞ்ச் அலாய். 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் முன்பக்கம் எங்கிருந்தோ 'ஊம்ம்' என்று ஓர் உறுமல். பேரிங் மாற்றினால் அடங்குகிறது, சில மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. இப்போது மறுபடியும் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள், மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம். நல்ல பேரிங்கை ஒழுங்காகப் பொருத்தினால் அது பல வருடம் பேசாமல் ஓட வேண்டிய பொருள். சில மாதத்திலேயே போகிறது என்றால், சத்தம் வேறு எங்கிருந்தோ வருகிறது, அல்லது ஏதோ ஒன்று புதுப் பேரிங்கையும் கெடுத்துக்கொண்டே இருக்கிறது. இது தெரியாமல் எத்தனை பேரிங் வாங்கினாலும் காசுதான் போகும். என் காரும் இதே ரகம்தான், இதே சத்தத்தோடு நானும் ரொம்ப அலைந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் டயரா பேரிங்கா என்று பிரித்துவிடுங்கள். இந்த வகைக் கார்களில் டயர்ச் சத்தமும் பேரிங் சத்தமும் காதுக்கு அச்சாக ஒன்றுபோலவே கேட்கும். 225/40 ஆர்18 டயரின் பக்கச்சுவர் உயரம் 90 மில்லிமீட்டர்தான். சாதாரணக் காரில் வரும் 195/65 ஆர்15 டயரில் அது கிட்டத்தட்ட 127 மில்லிமீட்டர். சுவர் குட்டையாக இருப்பதால் சாலையின் அதிர்வு பெரும்பாலும் அப்படியே உள்ளே வந்துவிடும். இதோடு கொஞ்சம் உள்பக்கம் சாய்த்து வைத்திருக்கும் சக்கரம், சற்றே பிசகிய டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்), இரண்டும் சேர்ந்தால் டயரின் பட்டன்கள், அதாவது மேற்பரப்பில் புடைத்திருக்கும் ரப்பர் கட்டிகள், ஒரு பக்கமாகத் தேயும். வண்டியை நிறுத்தி, டயர் சூடு ஆறியதும் உள்ளங்கையால் பட்டன்களை முன்னும் பின்னும், குறுக்கிலும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப் பல் போல விரலில் இடறவும் செய்தால், உங்கள் உறுமலில் பாதிக்காவது அந்த டயர்தான் காரணம். உள்விளிம்பையும் மறக்காமல் தடவுங்கள். வெளியே நின்று பார்த்தால் அது கண்ணில் படாது.

அடுத்து, முன் டயர்களைப் பின்னால் போட்டு ஓட்டிப் பாருங்கள். திசை குறித்த டயர் என்றால் அதே பக்கத்திலேயே முன்னதைப் பின்னுக்கு மாற்றுங்கள். சத்தம் இடம் மாறினாலோ தன்மை மாறினாலோ டயர். துளி மாற்றமும் இல்லையென்றால் பேரிங் பக்கம் போகலாம். உங்களுக்குப் பேரிங் மாற்றியபோதெல்லாம் டயரையும் இடம் மாற்றிப் போட்டார்களா என்று பழைய பில்லில் பாருங்கள். அப்படிச் செய்திருந்தால் சத்தம் அடங்கியதற்குப் புதுப் பேரிங் காரணமாகவே இல்லாமல் இருக்கலாம். ஓட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். புதிதாகத் தார் போட்ட சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறும்போது டயர்ச் சத்தம் சட்டென்று மாறும். பேரிங் சத்தம் சாலையைப் பார்த்து மாறாது, வேகத்தைப் பார்த்துத்தான் மாறும்.

பேரிங்தான் என்று சந்தேகம் வந்தால், ஆளில்லாத நேரத்தில் அகலமான சாலையில் சீரான வேகத்தில் போய், ஸ்டியரிங்கை மெதுவாக இரண்டு பக்கமும் வளையுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது எடை இடது சக்கரங்கள் மேல் ஏறும். அப்போது உறுமல் கூடினால் இடது பேரிங் மேல் சந்தேகப்படலாம். ஆனால் இதை மட்டும் நம்பிப் பாகம் வாங்காதீர்கள். இரண்டு வரிசை குண்டுகள் உள்ள பேரிங்கில் எந்த வரிசை கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து இது தலைகீழாகவும் காட்டும். பின்சக்கரச் சத்தம் முன்னால் கேட்பதும் சகஜம்.

எனக்கு நம்பிக்கையான சோதனை ஒன்று உண்டு. ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, ஒரு கையை சஸ்பென்ஷன் காயில் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றுமே தெரியாது. கெட்டது என்றால் மணலை அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலுக்கு வரும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதைத்தான் எல்லா மெக்கானிக்கும் செய்வார்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ பால் ஜாயிண்டோ போயிருக்கலாம். ஆட்டம் இல்லையென்பதால் பேரிங் நல்லது என்று ஆகிவிடாது. சத்தம் ஆரம்பித்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஆட்டம் வரும்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, பேரிங்தான் போயிருக்கிறது. இது ஏன் திரும்பத் திரும்பப் போகிறது?

என் காரில் முன் இடது சக்கரம். ஒரு பட்டறையில் மாற்றினார்கள், போனது. திரும்ப மாற்றினார்கள், திரும்பவும் போனது. கடைசியில் ஹைட்ராலிக் பிரஸ் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் ஹப்பை, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பாகத்தை, கழற்றித் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். பேரிங் உட்காரும் இடத்தில் குறுக்காக ஒரு வெட்டு, அதன் ஓரத்தில் நகத்தில் மாட்டுகிற அளவுக்குப் பிசிறு. பழைய பேரிங்கைப் பிரிக்கும்போது உள் வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைப் புல்லர் போட்டு இழுக்காமல் கிரைண்டரால் அறுத்திருக்கிறார்கள், பிளேடு ஹப்பையும் தொட்டிருக்கிறது. அதன் மேல் ஏறிய ஒவ்வொரு புதுப் பேரிங்கும் முதல் நாளே கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஹப்பையும் சேர்த்து மாற்றினார், அந்த உறுமல் அதோடு நின்றது. அந்த உறுமல் போன பிறகுதான் பின் டயரில் இன்னொரு மெல்லிய உறுமல் இருந்ததே எனக்குக் காதில் விழுந்தது. அதை அலைன்மென்ட்டும் புது டயரும் சரி செய்தன.

பேரிங்கை ஏற்றும் முறையும் அவ்வளவு முக்கியம். நக்கிளுக்குள் (பேரிங்கைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகம்) ஏற்றும்போது அழுத்தம் வெளி வளையத்தில் விழ வேண்டும். ஹப்பை உள்ளே ஏற்றும்போது உள் வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தாலோ, சுத்தியலால் தட்டி ஏற்றினாலோ அந்த அடி முழுக்கக் குண்டுகள் வழியாகப் போகும். அவை ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். பில் போட்டு வெளியே வரும்போது சத்தமே இருக்காது, பிறகு ஆரம்பிக்கும். ஆக்ஸில் போல்ட்டும் அப்படித்தான். என் கார் மாதிரியானவற்றில் அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும், சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே கையேட்டில் சொன்னபடி முடுக்க வேண்டும். முடுக்காமல் வண்டியைத் தரையில் இறக்கி அரை அடி உருட்டினாலும் பேரிங்குக்குக் கேடுதான். உங்களுடையது போல்ட் போட்டு மாட்டும் முழு ஹப் யூனிட் என்றால் பிரஸ் வேலை கிடையாது, ஆனால் அது உட்காரும் முகத்தில் துருவும் மண்ணும் இல்லாமல் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலாய் பள்ளத்தில் விழுந்து பெண்டு ஆகியிருந்தால் அந்த அதிர்வு முழுக்கப் பேரிங் மேல்தான் விழும், பேலன்சிங் மெஷினில் ஓடவிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஸ்பேசர் போட்டுச் சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் பேரிங் தாங்கும் பளு கூடும், கழற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் ஹப் மூழ்கும் அளவு தண்ணீரில் ஓட்டியிருந்தால் அதையும் மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். சூடான ஹப் திடீரென்று குளிரும்போது சீல் வழியே நீரை உள்ளே இழுக்கும். வீல் போல்ட்டுக்கு என் கார் கையேட்டில் 120 நியூட்டன் மீட்டர் என்று இருக்கிறது. இம்பாக்ட் கன்னால் இஷ்டத்துக்கு முடுக்க விடாமல், கடைசி முடுக்கை, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் வைக்கச் சொல்லுங்கள். மெதுவாகப் போகும்போது 'கீச்' என்று கேட்பது வேறு கதை. பிரேக் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் கல் மாட்டியிருக்கும், அல்லது தகடு வளைந்து உரசும்.

ஆட்டம் தெரிந்தாலோ, உறுமலோடு ஏபிஎஸ் விளக்கும் எரிந்தாலோ, வண்டியை நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். அந்த நிலையில் டோ வண்டியில் ஏற்றித்தான் பட்டறைக்கு அனுப்ப வேண்டும்.

டயரை இடம் மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று எழுதுங்கள். சத்தம் முன்பக்கத்திலேயே இருந்தால் ஹப்பைக் கழற்றும்போது பக்கத்திலேயே இருந்து, பேரிங் உட்காரும் இடத்தைக் கிட்டத்தில் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.