உச்சி வெயிலில் ஆளைப் படம் எடுத்தால் கண் மட்டும் கருப்பாக விழுவது ஏன்? என்ன செய்யலாம்?

கேமராவில் கோளாறு இல்லை. சூரியன் உச்சியில் நிற்கும்போது புருவத்தின் நிழல் கண்குழியில் விழுகிறது. அதனால் செட்டிங்கைத் தொடும் முன் ஆளை இடம் மாற்றுங்கள். திருநெல்வேலி குறுக்குத்துறையில் தாமிரபரணிக் கரையில் இருக்கும் கல்மண்டபங்கள் இதற்கென்றே கட்டியது போல இருக்கும். நிழலுக்குள் ஒரே ஒரு அடி தள்ளி, வெளியே ஆற்றைப் பார்த்து நிற்க வையுங்கள். வெயில் பட்ட கல்தரை கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். கருவிழியில் வெள்ளையாக ஒரு கீற்று தெரிகிறதா? அப்போது எடுங்கள். ரொம்ப உள்ளே போனால் அந்தக் கீற்று மறைந்து முகம் மங்கிவிடும்.

நிழலே இல்லையென்றால் வெயில் முதுகில் படட்டும். எதிரே ஒருவர் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடிக்கட்டும். முகத்தில் ஃபோகஸ் வைத்து எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை கூட்டுங்கள். பின்னால் வானம் வெளுத்துப்போகும், போகட்டும்.