ஹீமோகுளோபின் 9.2, மூன்று வயது: அடிக்கடி சளி பிடிக்க இதுதான் காரணமா?

சளியைக் கொண்டுவருவது வைரஸ்தான், ரத்தசோகை அல்ல. ஆனால் 9.2 உள்ள பிள்ளைக்கு அது நெஞ்சில் இறங்கினால் தாங்குவது கடினம். ரத்தம் சுமக்கும் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு. இரும்புச்சத்து இல்லாவிட்டால் கிருமியை எதிர்க்கும் செல்களும் பலம் குறையும். மூன்று வயதில் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

நாளுக்கு நாலு தம்ளர் பால் குடிக்கிறான், சோறு இறங்கவில்லை என்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான். பாலில் இரும்பு மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும். இரண்டு தம்ளராகக் குறையுங்கள். உளுந்து, வெல்லம் சேர்த்துக் கிண்டும் கும்மாயம் தருவது நல்லதுதான். அப்புறம் வாரம் ஒருமுறை கொஞ்சம் ஆட்டு ஈரலும் மசித்துக் கொடுங்கள், அதிலுள்ள இரும்பு உடம்பில் எளிதாகச் சேரும்.

உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையைக் காய்ச்சலோடு பார்க்க வேண்டாம். தொற்று நேரத்தில் அது ஏறி, குறைபாட்டை மறைத்துவிடும். குணமாகி இரண்டு மூன்று வாரம் கழித்துப் பாருங்கள். இரும்பு சிரப்பின் அளவையும் தொடங்கும் நாளையும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கொடுத்தும் ஹீமோகுளோபின் ஏறாவிட்டால், பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவுக்கான சோதனை பற்றிக் கேளுங்கள்.

இன்று இரவு அவன் தூங்கும்போது மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 40-ஐத் தொட்டாலோ, விலா உள்ளே இழுத்தாலோ உடனே காரைக்குடி அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.