குளோரின் ஒரு மக்கா, ரெண்டு மக்கா? வீட்டு நீச்சல் குளம் கேள்வி பதில்

கேள்வி (நீலாங்கரை): குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். சுத்தம் செய்ய வரும் தம்பி தினமும் ஒரு மக் பவுடர் போடுகிறார். சரியா அண்ணா?

பதில்: மக்கைத் தலைதட்டி அள்ளினால் ஒரு எடை, கோபுரமாக அள்ளினால் வேறு எடை. முதலில் தண்ணீர் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு பக்கம் ஆழம் 1 மீட்டர், மறுபக்கம் 1.5, தரை சீரான சரிவு என்றால் சராசரி 1.25. எட்டை நாலால் பெருக்கி 1.25-ஆல் பெருக்கினால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். 1,000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் சேர்ந்தால் 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), ஆக உங்களுக்கு 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம் வேண்டும். ஆனால் டப்பாவில் இருப்பது முழுக்கக் குளோரின் இல்லையே! 65 சதவீத கால்சியம் ஹைப்போ (கால்சியம் ஹைப்போகுளோரைட்) என்றால் 62 கிராம், 90 சதவீத டிசிசிஏ (டிரைகுளோரோ ஐசோசயனூரிக் ஆசிட்) என்றால் 45 கிராம், 10 சதவீத திரவ ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) என்றால் 400 மில்லி, அதுவும் புது கேனாக இருந்தால்தான், நம்ம ஊர் வெயிலில் கிடந்த கேனில் பலம் குறைந்துகொண்டே போகும். காலையில் சோதனை கிட் 1 பிபிஎம் காட்டுகிறது, 3 வேண்டும் என்றால் இதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு தராசு வாங்கிவிடுங்கள், சமையலறைத் தராசை எடுத்து வீட்டில் திட்டு வாங்காதீர்கள்.

கேள்வி (கொட்டிவாக்கம்): காலையில் 3 காட்டுகிறது, மதியம் சைபர். பவுடர் போலியா சார்?

பதில்: பவுடர் மேல் பழி போடாதீர்கள், வெயில்தான். சயனூரிக் ஆசிட் (குளோரினை வெயிலிலிருந்து காக்கும் பொருள்) இல்லாத தண்ணீரில் அக்கினி நட்சத்திர வெயில் விழுந்தால் ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் காலி. 30 முதல் 50 பிபிஎம் வரை அது இருக்கட்டும், டோஸையும் பொழுது சாய்ந்தபின் போடுங்கள். டிசிசிஏ போடுகிறவர்களுக்கு இது தானாகவே ஏறிக்கொண்டே போகும், தண்ணீர் ஆவியானாலும் இது போகாது. மிஞ்சிப்போனால் குளோரின் இருந்தும் பாசி பிடிக்கும், அப்போது கொஞ்சம் தண்ணீரை வெளியேற்றிப் புதுசு விடுவதுதான் வழி.

கேள்வி (வளசரவாக்கம்): போர் தண்ணீர் நிரப்பி குளோரின் போட்டதும் டீ கலர் ஆகிவிட்டது.

பதில்: தண்ணீரில் இரும்பு. டோஸ் தப்பில்லை. ஃபில்டரை ஓடவிட்டு அடிக்கடி பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு ஃபில்டரைக் கழுவுவது) செய்யுங்கள்.

கேள்வி (அடையாறு): குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது, அளவைக் குறைக்கட்டுமா?

பதில்: குறைக்காதீர்கள். வியர்வையும் சிறுநீரும் (ஆமாம், நம் வீட்டுப் பிள்ளைகள்தான்) குளோரினோடு சேர்ந்து குளோரமைன் ஆகிற வாடை அது. மொத்த குளோரினில் ஃப்ரீ குளோரினை (அழுக்கோடு சேராமல் இருப்பதை) கழித்து வரும் மிச்சத்துக்குப் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையாகப் போடுங்கள், அளவு 3-க்கு இறங்கும் வரை யாரும் இறங்க வேண்டாம். குளோரின் சோதனைக்கு மஞ்சள் காட்டும் ஓடிஓ கிட் மொத்தத்தை மட்டும்தான் சொல்லும், ரோஸ் காட்டும் டிபிடி வாங்குங்கள். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. ஒருமுறை ரோஸ் மின்னி மறைந்து சோதனைக் குழாய் வெள்ளையாகிவிட, சைபர் என்று நினைத்து இன்னும் கொட்டினேன். குளோரின் எக்கச்சக்கமாக இருந்ததால் சாயமே வெளுத்திருக்கிறது! மறுநாள் என் நீல டிரவுசரும் வெளுத்தது.

கேள்வி (அண்ணா நகர்): தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) 8. பரவாயில்லையா?

பதில்: 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதி வேலை செய்யும், 8-ல் கால்வாசிகூடத் தேறாது. முதலில் அதை இறக்குங்கள், அப்புறம் டோஸ்.

கேள்வி (பாலவாக்கம்): டிசிசிஏ, கால்சியம் ஹைப்போ இரண்டையும் ஒரே வாளியில் கரைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வாளி மட்டுமில்லை, அள்ளுகிற மக்கும் தனித்தனிதான்.