பார்வை குறைந்த மூன்று வயது மகளுக்காக வீட்டில் நாங்கள் என்ன பழக வேண்டும்?

மகளுக்குப் பிறவியிலேயே பார்வை மிகக் குறைவு, பள்ளியில் சேர்க்கும்வரை பெற்றோர் என்ன செய்யலாம் என்று தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் சிறப்பாசிரியர். என் வேலையில் பெரும்பகுதி பெற்றோருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான். நான் வந்து போவது கொஞ்ச நேரம், மற்ற நேரமெல்லாம் பிள்ளை உங்களிடம்தானே இருக்கிறாள்.

முதலில் உங்கள் கையைப் பழக்குங்கள். எதையாவது காட்ட நினைத்தால் நாம் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்துவிடுகிறோம். அப்படிச் செய்யச் செய்ய அவள் விரலை மடக்கிக்கொள்வாள், புதிதாக எதையும் தொடமாட்டாள். உங்கள் கை கீழே இருக்கட்டும், அவள் கை அதன்மேல் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால்தான் அவளுக்குத் துணிச்சல் வரும்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, அவிக்கும் நாளில் அவளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். மண் ஒட்டிய மேல்தோல் சொரசொரவென்று இருக்கும். அதை உரித்ததும் கிழங்கு ஈரமாக வழுக்கும். வெந்து ஆறியபின் விரலில் பொடிந்து ஒட்டும். மூன்றையும் தொடவிட்டு, மூன்றும் ஒரே கிழங்குதான் என்று சொல்லுங்கள். பார்க்கிற பிள்ளை இதையெல்லாம் தானாகவே பார்த்துக்கொள்ளும். இவளுக்கு நாம் காட்டாவிட்டால் மரச்சீனி என்பது தட்டில் வரும் ஒரு துண்டு மட்டும்தான்.

அப்புறம், சொல்லாமல் தூக்காதீர்கள். "மக்களே, அம்மா தூக்கப் போறேன்" என்று சொல்லி ஒரு நொடி பொறுங்கள். அறையை விட்டுப் போகும்போதும் சொல்லிவிட்டுப் போங்கள்.

கூப்பிட்டால் அசையாமல் இருக்கிறாள் என்று பாட்டிமார் கலங்குவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிள்ளை காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். முகத்தை விட்டுவிட்டு அவள் விரல்களைக் கவனியுங்கள், ஆர்வம் அங்கே தெரியும். டிவி நாள் முழுக்க ஓடினால் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது. அதை அணைத்து வையுங்கள்.

மிச்சம் இருக்கும் பார்வையையும் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஸ்டீல் தட்டு கூசும். அடர் நிறத் தட்டில் இட்லி வைத்தால் அவளே தேடி எடுப்பாள். ஜன்னல் அவள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் மருத்துவரைப் பார்த்து, மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குச் சான்று வாங்குங்கள். 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயதுவரை கல்வி இலவசம். பக்கத்துப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். பள்ளி வயது வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பள்ளிக் கல்வித் துறையின் தக்கலை வட்டார வள மையத்தில் போய் விவரம் சொல்லுங்கள்.

பயிற்சிக்கு ஆள் வரும் நாளில் அப்பாவும் பாட்டியும் வீட்டில் இருக்கட்டும். அம்மா மட்டும் பழகிக்கொண்டு, மற்றவர்கள் பாவம் பிள்ளை என்று எல்லாவற்றையும் ஊட்டியும் எடுத்தும் கொடுத்தால் அவள் எதற்குக் கை நீட்டப் போகிறாள்?