பிஆர்பி ஊசி போட்டால் புது ஜவ்வு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 23, கால்பந்து ஆடுகிறேன். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு அறுந்துபோய், தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து வைத்து ஆபரேஷன் செய்து ஐந்து வாரம் ஆகிறது. என்னோடு ஆடுகிற ஒருவருக்கும் இதே ஆபரேஷன்தான். அவர் பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) ஊசி போட்டுக்கொண்டு ஐந்தாம் மாதமே ஆட வந்துவிட்டார். நானும் போட்டுக்கொள்ளலாமா? ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், மாட்டாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு 2010-இல் தசைக்குள் பிஆர்பி போடுவதைத் தடை செய்திருந்தது, 2011-இல் அந்தத் தடையை எடுத்துவிட்டது.

சரி, ஊசி விஷயம். உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து ஒரு குழாயில் விட்டு, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைப்பார்கள். வெளியே எடுத்தால் குழாயின் அடியில் சிவப்பணுக்கள் கெட்டியாகப் படிந்திருக்கும், அதன்மேல் நூல் கனத்தில் வெள்ளையாக ஒரு ஏடு, அதற்கும் மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த பிளாஸ்மா. அந்த ஏட்டை ஒட்டிய பகுதியில்தான் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் நெருக்கமாக இருக்கும், அதைத்தான் பிரித்து ஊசியில் ஏற்றுகிறார்கள். சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை தட்டணுக்கள் இருக்கும், பிஆர்பியில் அதுவே பல மடங்கு. காயம் ஆறுவதைத் தூண்டும் புரதங்கள் தட்டணுவுக்குள் இருப்பதால், அதைக் கூட்டிக் கொடுத்தால் சீக்கிரம் ஆறும் என்பது எண்ணம்.

இந்த எண்ணம் வந்ததற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. கையில் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைந்து, அந்த உறைவின் மேல்தான் புதுத் திசு வளர்கிறது. ஏசிஎல் இருப்பது மூட்டு நீருக்கு நடுவில், அங்கே உறைவு நிற்காமல் கரைந்துபோகும், அதனால்தான் அறுந்த முனைகள் தானாக ஒட்டுவது அரிது. அப்படியென்றால் தட்டணுவைக் கொண்டுபோய் விட்டால் போதுமே என்று விலங்குகளில் செய்து பார்த்தார்கள், தைத்த ஜவ்வில் வெறும் பிஆர்பி மட்டும் விட்டபோது பலன் இல்லை. தங்குவதற்கு ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்த ஒரு சிகிச்சையில், கொலாஜன் பஞ்சை நோயாளியின் சாதாரண ரத்தத்திலேயே நனைத்து அறுந்த முனைகளுக்கு நடுவில் வைக்கிறார்கள், பிஆர்பிகூட அதற்குத் தேவைப்படவில்லை.

உங்களுக்கு நடந்திருப்பது வேறு வகை, பழைய ஜவ்வுக்குப் பதில் நாரை வைத்திருக்கிறார்கள். அந்த நார் வைத்த அன்று ரத்த ஓட்டமே இல்லாதது. உள்ளே இருந்த செல்கள் பெரும்பாலும் செத்து, மெல்ல ரத்தக் குழாய்கள் புகுந்து, புதுச் செல்கள் குடியேறி, பிறகுதான் அது ஜவ்வாக மாறும், அதற்கு ஒரு வருஷமும் ஆகலாம், கூடவும் ஆகலாம். நாரைச் செருக எலும்பில் போட்ட துளையில் அது பிடித்துக்கொள்ளவே எட்டு முதல் பன்னிரண்டு வாரம். இதில் எனக்குக் கவலை தருவது என்னவென்றால், வீக்கம் வடிந்து, ஊன்றுகோலை விட்டுவிட்டு, கால் தேறிவிட்டது என்று உங்களுக்கே நம்பிக்கை வருகிற ஆறிலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் உள்ளே நார் ரொம்பப் பலவீனமாக இருக்கும்.

பிஆர்பி இந்தக் காலத்தைக் குறைக்கிறதா? சில ஆய்வுகளில் எம்ஆர்ஐ படத்தில் நார் கொஞ்சம் முன்னதாக முதிர்ந்த மாதிரி தெரிந்தது, சிலவற்றில் வித்தியாசமே இல்லை. மூட்டு எவ்வளவு உறுதியாக நிற்கிறது, எவ்வளவு நன்றாக இயங்குகிறது என்று பார்த்தால் போட்டவரும் போடாதவரும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே உங்கள் நண்பரை ஐந்தாம் மாதம் ஆடவைத்தது அந்த ஊசி என்று நான் நினைக்கவில்லை, அவர் சீக்கிரமே இறங்கிவிட்டார், அவ்வளவுதான். 2016-இல் வந்த ஒரு நார்வே ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்தைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடும் அபாயம் பாதியாகக் குறைந்தது. இதைத் தயவுசெய்து அவரிடமும் சொல்லுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது இது. கால் நீட்டி உட்கார்ந்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் இருக்கட்டும். தொடையை இறுக்கி முழங்காலைக் கீழே அழுத்துங்கள், முட்டிச்சில்லு மேலே நழுவுவது கண்ணுக்கே தெரியும், ஐந்து விநாடி பிடித்து விடுங்கள். சில்லு நகரவில்லை என்றால் தொடைத் தசை இன்னும் விழித்துக்கொள்ளவில்லை. கால் இந்நேரம் மற்றக் கால் அளவுக்கு நீளாமல் இருந்தால் அடுத்த முறை வரை காத்திருக்காமல் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள். ஆட இறங்கும் முன் தொடை முன்தசையின் பலம் மற்றக் காலின் பலத்தில் 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும், அதைக் கருவியில் அளந்து பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு (வயது 19) முட்டிச்சில்லுக்குக் கீழே உள்ள நாரை எடுத்து ஏசிஎல் ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். நார் எடுத்த இடத்தில் பிஆர்பி வைக்கலாமா என்று மருத்துவர் கேட்டார். என்ன சொல்லட்டும்?

பதில்: அம்மா, இந்த இடத்துக்குக் கேட்டது நியாயமான கேள்விதான். ஒரு ஆய்வில், நார் எடுத்த பள்ளத்தில் பிஆர்பி வைத்தவர்களுக்கு ஆபரேஷன் முடிந்த உடனே வலி குறைவாக இருந்தது, ஆறாவது மாதப் படத்தில் பள்ளமும் சிறியதாக இருந்தது. தசை பலமோ முழங்காலின் செயல்பாடோ மாறவில்லை. வைத்தால் கெடுதல் இல்லை, வைக்காவிட்டால் மகளுக்கு எதுவும் குறைந்துபோனது என்று வருந்தவும் வேண்டாம். செலவு பாரமாகத் தெரிந்தால் அந்தப் பணத்தைப் பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். மண்டியிடும்போது வலிப்பதும் தழும்புக்குப் பக்கத்தில் மரத்துப்போவதும் இந்த வகை ஆபரேஷனில் அடிக்கடி நடக்கிறவை. அவளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பிறகு பயந்துபோக மாட்டாள்.

கேள்வி: ஜவ்வு ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். அடுத்த வாரம் பிஆர்பி போடுகிறார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறேன், நிறுத்தவா? வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் எடுக்கிறேன்.

பதில்: ஆஸ்பிரினை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். அது தட்டணுவை மந்தமாக்குவது உண்மைதான், ஆனால் முழங்காலுக்காக இதயத்தைப் பணயம் வைக்க முடியாது. இதய மருத்துவரைக் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் ஊசியைத்தான் விட வேண்டும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்றவற்றை ஊசிக்கு ஒரு வாரம் முன்பே விடச் சொல்வது வழக்கம், இதய நோய் உள்ளவர் அவற்றைத் தொடர்ந்து எடுப்பதே நல்லதல்ல. வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் வலி கூடும், அது பரவாயில்லை. காய்ச்சல் வந்தாலோ, மூட்டு சிவந்து சுட்டு வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே போய்க் காட்டுங்கள், இரவானாலும் சரி.